கடையில் பாடும், கல்யாணத்தில் பாடாது

ரிப்பேர் வேலையில் புதிதாக உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்களில் பாதிப் பேருக்குத் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். புனேயில் பிறந்து வளர்ந்தால் அப்படித்தான். என் மகளே மளிகைச் சீட்டை மராத்தியில்தான் எழுதுவாள். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். நான் என்னையே திட்டிக்கொள்ளும் இடங்களைச் சத்தமாகப் படியுங்கள், கேட்க நன்றாக இருக்கும்.

ஈயப் பற்று எப்படி வைப்பது, மீட்டரை எங்கே தொடுவது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதைச் சொல்ல உங்கள் போனுக்குள் ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத ஒரு மனிதரை, ஒரு பேனாவையும் ஒரு கேசட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு நான் எப்படிக் குடிகாரர் ஆக்கினேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். இதை எந்தப் போனும் உங்களுக்குச் சொல்லாது.

தொண்ணூறுகளின் கடைசி. புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு சந்துக்குள் என் கடை. ஒரு பெஞ்சு, ஒரு ஸ்டூல், காற்றைத் தவிர மற்றதையெல்லாம் கிளப்பும் ஒரு மின்விசிறி. கோயம்புத்தூரிலிருந்து வந்தவன் என்றாலும் எல்லோருக்கும் நான் ‘மத்ராசி மிஸ்திரி’. கல்யாண ஆர்கெஸ்ட்ராக்காரர்கள், பஜனை மண்டலிகள், கணபதிக்குப் பந்தல் போடும் பையன்கள் என்று எல்லோருடைய ஆம்ப்ளிஃபயரும் என் பெஞ்சுக்குத்தான் வரும். அதனால் தலைக்கனம் கொஞ்சம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

ஒருநாள் ஏரவாடாவிலிருந்து ஞானராஜ் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பாட்டனார் காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த குடும்பம். வார நாட்களில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. கணபதி விழாவிலும் கல்யாண சீசனிலும் ஜாதவ் பாவ் என்பவரின் ஆர்கெஸ்ட்ராவில் பேஸ் கிதார் வாசிப்பார். நாலே நாலு தடித்த கம்பி. அதை வாசிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை, நின்றுவிட்டால் மட்டும் மொத்தப் பாட்டும் இடுப்பொடிந்து உட்கார்ந்துவிடும். அதை ஒலிக்க வைக்கும் பெரிய பெட்டியை, டிரான்சிஸ்டர் வகை பேஸ் ஆம்ப்ளிஃபயரை, ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

“அண்ணா, பாட்டு நடுவுல ஆவாஸ், அதான் சத்தம், ஏக்தம் பந்த் ஆயிடுது. அப்பறம் கொஞ்ச நேரத்துல அதுவா வந்துடுது. அப்போ ஜாதவ் பாவ் என் மூஞ்சியப் பாக்கிறாரு. மெஷினப் பாக்கல அண்ணா, என் மூஞ்சிய!”

“உங்க மூஞ்சிக்கு என்னங்க தம்பி?”

அவர் சொன்னார். முன்பு குடித்தவர். மேடையிலேயே தள்ளாடி ஒருமுறை டிரம்ஸ் மேல் விழுந்தவர். மூன்று வருடத்துக்கு முன்பு மனைவி லில்லி சர்ச்சில் வைத்துச் சத்தியம் வாங்கியதோடு விட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் ஜாதவ் பாவ் திரும்பச் சேர்த்துக்கொண்டார், ‘மறுபடி தொட்டால் மறுநாள் வராதே’ என்ற நிபந்தனையோடு. இப்போது பாட்டு நடுவில் பேஸ் நின்றால் ஊரே என்ன நினைக்கும்? குரூப்பில் கீபோர்டு வாசிக்கும் பையன் வேறு, ‘பேஸை நான் இடது கையாலேயே வாசித்துவிடுவேன், தனியாக ஆள் எதற்கு’ என்று பாவின் காதில் ஓதிக்கொண்டிருந்தான்.

“கவலைய விடுங்க. ரெண்டு நாள்ல ரெடி பண்ணித் தர்றேன்” என்றேன். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இப்படி வாக்குக் கொடுப்பது என் வழக்கம்.

இப்போது என் சோதனை முறையைச் சொல்லியாக வேண்டும். கடையில் பேஸ் கிதார் கிடையாது. எனக்கு வாசிக்கவும் தெரியாது. அதனால் ஒரு கேசட் டெக்கை வைத்துக்கொண்டு அதிலிருந்து ஒரு வயரை ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் செருகுவேன். அந்தப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு துளைகள் இருந்தன. ஒன்றின் வழியாக இசை வெளியே போகும், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். நடுவில் வேறு ஏதாவது கருவி மாட்டுவதற்கான ஏற்பாடு அது. எதுவும் மாட்டாதபோது, உள்ளே ஒரு சின்ன உலோகத் தகடு இரண்டு பாதைகளையும் தானே சேர்த்து வைக்கும். நான் திரும்பி வரும் துளையில் என் வயரைச் செருகி, தவில் கேசட்டைப் போடுவேன். தாழ்ந்த சத்தம் எப்படி வருகிறது என்று பார்க்கத் தவிலை விட நல்ல ஆள் கிடையாது. எதிரில் டீக்கடை வைத்திருந்த இரானி ஒருவர், ‘தினமும் யாருக்குப்பா கல்யாணம் பண்ணி வைக்கிறே?’ என்று கேட்பார்.

ஞானராஜின் பெட்டியில் தவில் அதிர்ந்தது. இரண்டு மணி நேரம் ஓடியது. வயரை உருவிவிட்டு, கிதார் மாட்டும் முன்பக்கத் துளையில் வேறொரு வயரைச் செருகி, அதன் முனையை விரலால் தொட்டேன். ‘ஙொய்ய்’ என்று உறுமியது. எல்லாம் ஜோராக இருந்தது. பழுது என்று ஒன்றும் என் கண்ணுக்குத் தென்படவில்லை.

இங்கேதான் நான் செய்த திருட்டுத்தனம். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று சொல்ல வாய் வரவில்லை. மத்ராசி மிஸ்திரிக்கே கிடைக்கவில்லையா என்று ஊர் சிரிக்காதா? மாற்றிய பாகங்களைச் சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு வாடிக்கையாளரிடம் கொடுப்பது எங்கள் தொழில் மரியாதை. நான் என்ன செய்தேன் தெரியுமா? கழிவு டப்பாவில் கையை விட்டு, யாருடைய டி.வி.யிலோ வெந்து செத்த இரண்டு டிரான்சிஸ்டர்களை எடுத்துக் கவரில் போட்டு, “இதுதான் தம்பி உங்க வில்லன். மாத்தியாச்சு” என்று கொடுத்தேன். ஞானராஜ் அதை இரண்டு கையாலும் வாங்கி, “தேங்க்ஸ் அண்ணா, லில்லிகிட்ட காட்டணும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து அதே பெட்டி திரும்பி வந்தது. இந்த முறை கூடவே வந்தவர் ஜாதவ் பாவ். பெரிய மீசை, வெள்ளைச் சட்டை, பேச்சில் சுற்றி வளைப்பதே இல்லாத மனிதர். அவர் பேசியது மராத்தி, நான் தமிழில் தருகிறேன்.

“மிஸ்திரி, மறுபடி நிக்குது. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். தப்பு மெஷின்லயா, மனுஷன்லயா? நல்லா ஓட்டிப் பாத்து எழுதிக் குடு.”

நான்கு மணி நேரம் தவில் அடித்தேன். டீக்கடை இரானி கையெடுத்துக் கும்பிட்டார். பெட்டி அசரவே இல்லை. பேனாவை எடுத்து, கடை பெயர் அச்சடித்த சீட்டில், ‘நான்கு மணி நேரம் சோதித்தேன். இயந்திரம் ஓகே’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அந்தக் கையெழுத்தின் வால் எப்போதையும் விட நீளமாகப் போனது நினைவிருக்கிறது. ஜாதவ் பாவ் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார். அந்தப் பேசாமையை அப்போது நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

துளசிச் செடிக்குக் கல்யாணம் செய்துவைத்த பிறகுதான் மராத்திக்காரர்கள் முகூர்த்தம் வைப்பார்கள். அந்தத் துளசி கல்யாணம் முடிந்து சீசன் சூடு பிடித்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஞானராஜ் வெறுங்கையோடு வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என்னங்க தம்பி, மறுக்கா நின்னுபோச்சா?”

“நாலு கல்யாணத்துல நாலு தடவ. பாவ் உங்க சீட்டு எடுத்து எல்லார் முன்னாடியும் படிச்சுக் காட்டினாரு அண்ணா. மெஷின் டீக் ஹை, அப்போ நீதான் பிகட்கயா, கெட்டுப்போனவன்னு. இந்த சண்டே லாஸ்ட். இதுலயும் நின்னா நான் கட்.”

“வீட்டுல?”

“வீட்டுல அதுக்கு மேல. மொதல்ல நீங்க குடுத்த அந்த வெந்த பார்ட்ட காட்டுனேன். சந்தோஷப்பட்டா. மறுபடி நின்னதும், ‘அதான் ரிப்பேர் ஆயிடுச்சே, இப்ப யாரு மேல பழி போடறே’ன்னா. அன்னைலேருந்து பேசறதில்ல. நான் குடிக்கல அண்ணா. என் புள்ள மேல சத்தியமா குடிக்கல.”

எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. ‘மெஷின் ஓகே’ என்று என் கையெழுத்தே சொல்கிறதே! இந்த ஆள் ஒருவேளை ரகசியமாக ஒரு கட்டிங் போடுகிறாரோ என்று நானே நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

“ஒண்ணு பண்ணுங்க அண்ணா. சண்டே வந்து என் பக்கத்துல உக்காருங்க. என்னையும் பாருங்க, மெஷினையும் பாருங்க. எது குடிச்சிருக்குன்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

வருகிறேன் என்றேன். அவருக்காக இல்லை, என் சீட்டு சரிதான் என்று நிரூபிக்க.

கடக்வாஸ்லா போகும் சாலையில் ஒரு புல்வெளி மண்டபம். மதியம் முகூர்த்தம். முகூர்த்தத்துக்கு முன்பு வந்தவர்களைச் சலிப்பில்லாமல் உட்கார வைக்க ஆர்கெஸ்ட்ரா. நான் ஆர்கெஸ்ட்ரா மேடையின் ஓரத்தில், பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பையில் திருப்புளி, மீட்டர், இரண்டு மூன்று வயர், ஒரு வாக்மேன், அதற்குள் அதே தவில் கேசட். ஞானராஜ் சலவைச் சட்டையில் வந்திருந்தார். முகத்தில் வேர்வை.

இரண்டு பாட்டு நன்றாகப் போனது. மூன்றாவது பாட்டில், சரணம் ஏறும் இடத்தில், பேஸ் செத்தது. நான் அவருடைய கையைப் பார்த்தேன். விரல்கள் தாளம் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தன. கம்பிகள் கண் முன்னால் அதிர்ந்தன. பெட்டி மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தது. கீபோர்டு பையன் சிரித்துக்கொண்டே இடது கையை இறக்கினான். ஜாதவ் பாவ் பாடகருக்குப் பின்னாலிருந்து திரும்பினார். ஞானராஜ் என்னைப் பார்த்தார்.  மூன்று மாதமாக அவர் சொன்னது அத்தனையும் உண்மை!

இப்படிப்பட்ட நேரத்தில் கை சும்மா இருக்காது. திருப்புளியை எடுத்து எதையாவது கழற்றச் சொல்லும். நான் எடுத்தும் விட்டேன். ஆனால் ஓடும் மேடையில் பெட்டியைத் திறந்தால் மூடுவதற்குள் கல்யாணமே முடிந்துவிடும். திருப்புளியைப் பையில் போட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டேன். செத்தது முன்பாதியா, பின்பாதியா? பின்பாதி உயிரோடு இருந்தால் பின் துளையில் எதைச் செருகினாலும் பாடும். வாக்மேனை எடுத்தேன், வயரை மாட்டினேன், திரும்பி வரும் துளையில் செருகி, பட்டனை அழுத்தினேன்.

வாக்மேனில் சத்தம் முழுதாக வைத்திருந்ததை மறந்துவிட்டேன்.

ஐயோ, அந்தத் தவில்! நாகஸ்வரமும் தவிலும் கெட்டிமேள வேகத்தில் புல்வெளி முழுக்க வெடித்தன. மராத்திக் கல்யாணத்தில் மந்திரம் முடிந்து வாத்தியம் முழங்கியதும் எல்லோரும் அட்சதை போடுவார்கள். அட்சதை அப்போதுதான் கைக்குக் கை கொடுத்து முடிந்திருந்தது. சத்தம் கேட்டதும் முன்வரிசை அம்மாக்கள் எழுந்து, ஒரு கணமும் யோசிக்காமல், பக்கத்து மணமேடையை நோக்கி வீசிவிட்டார்கள். பின்னால் இருந்தவர்களும் வீசினார்கள். மணமேடையில் போட்டோவுக்காகத் தனியாக நின்றிருந்த மாப்பிள்ளை, தலையெல்லாம் அரிசியோடு, யாருக்கும் யாருக்கும் கல்யாணம் ஆயிற்று என்று தெரியாமல் விழித்தார். மணப்பெண் இன்னும் உள்ளே புடவை மாற்றிக்கொண்டிருந்தாள். புரோகிதர் இரண்டு கைகளையும் ஆட்டி, “தாம்பா, தாம்பா!” என்று நிறுத்தச் சொல்லி அலறினார்.

பயத்தில் வயரைப் பிடுங்கினேன். தவில் நின்றது. அந்த நிமிடமே ஞானராஜின் பேஸ் ‘தூம்’ என்று திரும்பி வந்தது.

 நான் எதையும் பழுது பார்க்கவில்லை. செருகினேன், பிடுங்கினேன், அவ்வளவுதான். உள்ளே இருந்த அந்தச் சின்னத் தகடு அழுக்கேறித் தளர்ந்து போயிருந்தது. பேஸ் அதிர்வில் அது விலகிக்கொள்ளும், பாதை அறுந்துவிடும். என் வயர் உள்ளே போய் வந்தால் தகடு உரசிச் சுத்தமாகி ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நாள் தாங்கும். இரண்டு முறையும் என் கடையில் நான் சோதனை என்று செய்ததே அந்த வியாதியை மறைக்கும் வேலைதான். சோதிக்கும்போது அந்தத் தகட்டைத் தாண்டிப் போய்விடுவேன். சோதித்து முடித்ததும் அதைத் துடைத்தும் விட்டுவிடுவேன். பிறகு உட்கார்ந்து ‘ஓகே’ என்று எழுதுவேன். என்ன புத்திசாலி!

ஒரு குட்டை வயரை எடுத்து, போகும் துளைக்கும் வரும் துளைக்கும் நேராகப் பாலம் போட்டேன். இனி அந்தத் தகடு விலகினாலும் கவலையில்லை. முகூர்த்தம் வரை பேஸ் ஒருமுறைகூட நிற்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஜாதவ் பாவ் எங்கள் இருவரையும் மேடைக்குப் பின்னால் கூப்பிட்டார். குரூப் ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். சவுண்டு வாடகைக்காரர் ஒருவரும் நின்றார். மாதாமாதம் என் கடைக்குப் பெட்டிகள் அனுப்புபவர்.

“இன்னிக்கு மெஷின் மக்கர் பண்ணுச்சு, நானே கண்ணால பாத்தேன். நீ சரி பண்ணிட்டே. நல்லது” என்றார் பாவ். “ஆனா இதுக்கு முன்னாடி? மொதல் தடவ பார்ட் மாத்தினே. ரெண்டாவது தடவ ஓகேன்னு எழுதியே குடுத்தே. அப்போ அந்த நாலு கல்யாணத்துலயும் இவன் குடிச்சிருந்தான். இன்னிக்கு மட்டும்தான் மெஷின் தப்பு. அப்படித்தானே மிஸ்திரி?”

தம்பிகளே, கவனியுங்கள். எனக்குக் கதவை அவரே திறந்து வைத்துவிட்டார். ‘ஆமாம் பாவ், இது இன்றைக்கு வந்த புதுப் பழுது’ என்று சொன்னால் போதும். என் பெயர் நிற்கும், வாடகைக்காரர் பெட்டி அனுப்புவார், ஞானராஜும் அன்றைக்குத் தப்பித்துவிடுவார். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் அந்த மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னிடம் கெஞ்சக்கூட இல்லை.

“சுக் மாஜி, பாவ்” என்றேன். தப்பு என்னுடையது. மராத்தியில் எனக்குப் பேரம் பேசத்தான் நன்றாக வரும், மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். பழுது முதல் நாளிலிருந்தே இருந்தது, எனக்குக் கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு யாருடைய டி.வி.யின் செத்த பாகத்தையோ கவரில் போட்டுக் கொடுத்தேன், பிறகு ஓகே என்றும் எழுதினேன். கவர் விஷயம் வந்ததும் ஞானராஜ் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

ஜாதவ் பாவ் சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினார். “பின்னாடி திருப்பி எழுது.”

எழுதினேன். ‘பழுது இயந்திரத்தில். கண்டுபிடிக்காதது நான். வாசித்தவர் மேல் தப்பில்லை.’ கையெழுத்து இந்த முறை வாலில்லாமல் சின்னதாக விழுந்தது. பாவ் அதை எல்லோருக்கும் உரக்கப் படித்தார். பிறகு கீபோர்டு பையனிடம், “உன் இடது கைய உன்கிட்டயே வச்சுக்கோ” என்றார். என்னிடம், “இனிமே என் பெட்டி எது வந்தாலும் வாசிக்கிற ஆளையும் சேத்து அனுப்புவேன். அவன் வாசிக்கணும், நீ கேக்கணும். தவில உன் வீட்டுல அடிச்சுக்கோ” என்றார்.

அடுத்த வாரமே ஜூனா பஜாரில் ஒரு பழைய பேஸ் கிதார் வாங்கிக் கடையில் மாட்டினேன். எந்தப் பெட்டி எப்படிப் பயன்படுமோ அப்படியே சோதிப்பேன். பிடிபடாவிட்டால் சீட்டில் ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று எழுதுவேன். முதலில் கை கூசியது, அப்புறம் பழகிவிட்டது. அந்த வாடகைக்காரர் ஒரு வருடம் என் பக்கம் வரவே இல்லை. இன்று நீங்கள் பெட்டியை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு ‘நோ ஃபால்ட்’ என்று டைப் அடிக்கிறீர்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் காதைத் திருகத் தோன்றும். அந்தச் சீட்டு யாருடைய முகத்துக்கு முன்னால் நீட்டப்படும் என்று உங்களுக்கும் தெரியாது.

கல்யாணத்தன்று, எல்லாம் முடிந்ததும், பெட்டியை டெம்போவில் ஏற்றிவிட்டு நான் நைசாக நழுவப் பார்த்தேன். ஞானராஜ் குறுக்கே வந்து நின்றார்.

“பாவ்கிட்ட சொல்லிட்டீங்க. சரி. என் வீட்டுல யாரு சொல்றது? வாசல்ல செருப்பு கழட்டும்போதே லில்லி வந்து என் வாய மோந்து பாக்கறா அண்ணா. டெய்லி. புள்ளைங்க பாக்கும்போதே. நீங்க வந்து சொல்லுங்க.”

டெம்போவில் பெட்டியோடு பெட்டியாக உட்கார்ந்து ஏரவாடா போனேன். குறுகிய சந்து, ஓர் அறை வீடு. ஞானராஜ் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார், லில்லி உள்ளிருந்து வந்தார், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கவர் உட்பட. மராத்தியை விடத் தமிழில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் முழுவதையும் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மொத நாளே தெரியலன்னு சொல்லிருந்தா?”

“இந்த மூணு மாசம் இருந்திருக்காதும்மா.”

லில்லி புருஷனைப் பார்த்தார்.  கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். ஸ்டவ் பற்றும் சத்தம் கேட்டது. 

டீ வந்தது. வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் கொடுப்பதுதான் எல்லா வீட்டிலும் வழக்கம். லில்லி என்னைத் தாண்டிப் போய் முதல் கிளாஸைப் புருஷன் கையில் கொடுத்து, அவர் ஒரு வாய் குடிக்கும் வரை அங்கேயே நின்றார். பிறகுதான் எனக்கு வந்தது. என்னுடையதில் சர்க்கரை இல்லை. நான் கேட்கவும் இல்லை, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.